கப்பலா, கரையா?

பயணக் கேள்வி – பதில்: தேனிலவுச் சிறப்புப் பகுதி

கேள்வி: தேனிலவுக்காக மூன்று ரிசார்ட்டுகளில் விலை கேட்டேன். ஒருவர் 'எம்.ஏ.பி.' என்கிறார், இன்னொருவர் 'ஏ.பி.' என்கிறார். மூன்றாமவர், 'எங்களுது ஆல் இன்க்ளூசிவ் சார், கையை வீசிக்கிட்டு வாங்க' என்கிறார். மூன்றாவதுதான் விலை கூடுதல். நம்பி எடுக்கலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: அந்த எழுத்துகளெல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையோடு காலைச் சிற்றுண்டி. எம்.ஏ.பி. என்றால் காலைச் சிற்றுண்டியும் கூட ஒரு வேளைச் சாப்பாடும். பெரும்பாலும் இரவுச் சாப்பாடாக இருக்கும். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இந்த நான்குக்கும் நம் நாட்டு ஓட்டல்களில் ஓரளவு ஒரே பொருள்தான். 'ஆல் இன்க்ளூசிவ்' என்பதற்கு மட்டும் இடத்துக்கு இடம் பொருள் மாறும். நம் பக்கத்தில் அந்தப் பெயரில் விற்பதைப் பிரித்துப் பார்த்தால், பல இடங்களில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாலை டீயும் பஜ்ஜியும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எங்கே இது பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும். 1950-இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்கா தீவில், அல்குதியா என்ற கடற்கரையில் கூடாரம் போட்டு 'கிளப் மெடிடெரனே'யைத் தொடங்கினார். தங்குவது, சாப்பிடுவது, விளையாடுவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே தொகை. பணப்பை தேவையில்லை என்பதே அதன் கவர்ச்சி. பிற்பாடு பானங்களுக்குக்கூடக் காசு கொடுக்காமல், கழுத்தில் மாட்டிய மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கூடாரத்தை விட்டு வெளியே போனால் வாங்க ஒன்றுமில்லாத இடத்தில் பிறந்த யோசனை அது. அதனால்தான் மாலத்தீவில் அது இன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட். நடு இரவில் பசித்தால் தெருமுனையில் போய் முட்டை தோசை சாப்பிட முடியாது.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலைமை வேறு. கேட்டைத் தாண்டினால் டிபன் கடை, மீன் வறுவல் கடை, டவுனுக்குப் போனால் பேக்கரி. மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிட்டு வெளியே சாப்பிட்டால் இரட்டைச் செலவு. இங்கே தங்குவதாக இருந்தால் காலைச் சிற்றுண்டி மட்டும் சேர்ந்த சி.பி. போதும் என்பேன்.

மாலத்தீவு என்றால் இன்னொன்று கவனியுங்கள். அங்கே எல்லாம் அடங்கிய விலைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டு விலைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மதுவுக்கானது. நீங்கள் இருவரும் குடிக்காதவர்கள் என்றால் அந்தப் பணம் வீண். மூன்று வேளைச் சாப்பாட்டுத் திட்டமே போதும். மாலே விமான நிலையத்தில் இருந்து தீவுக்குப் போகும் வேகப்படகு அல்லது கடல் விமானக் கட்டணம், 17 சதவீத வரி, பெரிய ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி ஆகியவை சொன்ன விலைக்குள் வருகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். கடல் விமானம் பகலில்தான் பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு மாலேயில் தனியாக ஓட்டல் எடுக்க வேண்டிவரும்.

எழுத்தில் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு புது ஜோடியை ஒரு மலை ரிசார்ட்டுக்கு அனுப்பிவைத்தேன். 'எல்லாம் அடக்கம் மேடம்' என்று போனில் சொன்னதை நம்பினேன். கிளம்பும் நாள் காலையில், கார் வாசலில் நிற்க, அந்தப் பையன் ரிசப்ஷனில் இருந்து எனக்குப் போன் செய்தான். தண்ணீர் பாட்டில், மெழுகுவத்தி விருந்துக்கு மேசை அலங்காரம், முதல் நாள் மெத்தையில் தூவிய ரோஜா இதழ் என்று தனித்தனியாக பில். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, 'அந்தப் பூவை நாம கேட்கவே இல்லையேங்க' என்று சொன்னது போனில் எனக்குக் கேட்டது. பணத்தை நான் கட்டிவிட்டேன். ஆனால் அவர்கள் முதல் பயணம் ரிசப்ஷன் மேசையில் ஒரு வாக்குவாதத்தோடு முடிந்ததை என்னால் மாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் மின்னஞ்சலில் பட்டியல் வராமல் முன்பணம் கட்டுவதில்லை.

கேள்வி: என் கணவராகப் போகிறவர் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர். என்னுடையது இந்திய பாஸ்போர்ட். அதில் சர்நேம் இடம் காலி. சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் கப்பலில் போகலாம் என்று ஆசை. கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வேண்டாம். கல்யாணம் ஆனதற்காகப் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பயணத்துக்கு முன் அவசரமாகப் பெயரை மாற்றினால் விமான டிக்கெட், விசா, கப்பல் சீட்டு மூன்றிலும் மூன்று பெயர் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்தில் எல்லாம் இருக்கட்டும். சர்நேம் காலியாக இருப்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்காத நாடுகளும் உண்டு என்பதால், கப்பல் தொடும் துறைமுகங்களையும் விமானம் மாறும் ஊரையும் சேர்த்தே விசாரியுங்கள்.

கலப்பு பாஸ்போர்ட் ஜோடிகள் தடுக்கி விழும் இடம் வேறு. சிங்கப்பூரில் கப்பல் ஏறினால் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்து இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். அவருக்கு விசா வேண்டாம்; உங்களுக்கு வேண்டும், அதுவும் பலமுறை நுழையும் விசாவாக. கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விதியையும் இருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கரை இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறோம் என்றாலும் ஏறும் இடத்தில் கேட்பார்கள். அவரிடம் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துவரட்டும். அது கையில் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சிக்கல் அவருக்குத்தான்.

வெளிநாட்டு பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அது போனது என்று நினைக்க வேண்டாம். வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். எந்த பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். உங்கள் இருவரில் வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர் பெயரில் இருப்பது நல்லது.

கேள்வி: பெரிய காலாப்பட்டு மீனவர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருதான். வைகாசியில் கல்யாணம். அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அப்பாவும் அண்ணனும் நிம்மதியாகக் கரையில் இருப்பார்கள் என்று அந்த மாதம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை சேலம். பெரியவர்கள் பார்த்து முடித்தது. இதுவரை நான்கு முறை நேரில் பார்த்திருக்கிறோம், மற்றபடி போன் பேச்சுதான்.

அவருக்கு ரிசார்ட் ஆசை. மாலத்தீவு போட்டோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 'ஒரு வாரம் யாரும் நம்மைக் கூப்பிடக்கூடாது' என்கிறார். எனக்குக் கப்பல். கடலைப் பார்க்க எனக்கு எதற்கு ரிசார்ட்? இரண்டு தெரு தாண்டினால் கடல். 2022-இல் நம் புதுச்சேரிக் கடலுக்கு வந்துவிட்டு அனுமதி கிடைக்காமல் திரும்பிய கப்பலைப் பற்றிப் படித்ததில் இருந்தே எனக்கு ஆசை. இத்தனை வருஷம் கரையில் இருந்து கடலைப் பார்த்தாயிற்று, ஒரு தடவை கடலில் இருந்து கரையைப் பார்க்கணும். அம்மாவோ, 'கப்பலில் சூதாட்டம் நடக்குமாமே' என்று பயப்படுகிறார். அத்தை, 'எங்க போனாலும் ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துடுங்க' என்று சொல்லிவிட்டார். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். எது சரி?
– வாசகி, காலாப்பட்டு

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடலில் இருந்து கரையைப் பார்க்கணும் என்ற வரி. நம் கடலோர ஊர்களில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் மீனைக் கூடையில் ஏற்றி விற்றுவருவார்கள், வலை விவகாரம், கடன் விவகாரம் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் படகில் ஏறி நடுக்கடல் வரை போன பெண் மிகவும் அபூர்வம். அப்பா தினம் பார்க்கிற காட்சியை மகள் இத்தனை வயது வரை பார்த்ததில்லை. இந்த ஆசையைத் தயவுசெய்து வெறும் பொழுதுபோக்காக நினைத்து விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். செலவுக் கணக்கையும் வசதிக் கணக்கையும் இதற்குப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் கப்பல் 'எம்பிரஸ்'. கார்டீலியா நிறுவனம் ஓட்டுவது. 1990-இல் பிரான்சின் சேன்-நாஸேர் கப்பல் தளத்தில் கட்டியது. பல பெயர்களில் பல கடல்களில் ஓடிவிட்டு 2021-இல் நம் நாட்டுக்கு வந்தது. 11 தளம், சுமார் 800 அறைகள். 2022 ஜூனில் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய அந்தக் கப்பல் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வருவதாக இருந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்புக் கிளம்பவே புதுச்சேரி அரசு அனுமதிக்கவில்லை. பிரான்சில் கட்டிய கப்பல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரின் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் போயிற்று. பிறகு 2025 ஜூலையில்தான் வந்தது. நம் துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பல் அணைய ஆழம் கிடையாது. ஆகவே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இம்மாதிரிக் கப்பல்களில் சூதாட்டக் கூடம் ஒரு தளத்தின் ஒரு பகுதியில் இருக்கும். போகாதவர்கள் அதன் கதவைக்கூடப் பார்க்காமல் பயணத்தை முடித்துவிடலாம். குழந்தை குட்டிகளோடும் தாத்தா பாட்டியோடும் குடும்பம் குடும்பமாகத்தான் அதில் போகிறார்கள்.

அந்தக் குடும்பங்களால்தான் தேனிலவு ஜோடிக்குச் சங்கடமும் வருகிறது. கப்பலில் முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் பெட்டிக்குச் சீட்டுக் கட்டி அனுப்பிவிட்டு வரிசையில் நிற்பீர்கள். ஏறியதும் அறைச் சாவி அட்டை. அறைக்குப் போய் உட்காருவதற்குள் ஒலிபெருக்கியில் அழைப்பு வரும்: எல்லோரும் பாதுகாப்பு ஒத்திகைக்குக் குறிப்பிட்ட தளத்துக்கு வரவேண்டும். இது கட்டாயம், சாக்குச் சொல்லித் தப்ப முடியாது. பிறகு இழுவைப் படகுகள் கப்பலைத் துறைமுக வாயை விட்டு மெல்ல வெளியே கொண்டுபோகும். அந்த அரைமணி நேரம் மேல்தளத்தில் நில்லுங்கள், அதற்கே காசு தகும். இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு, நிகழ்ச்சிக்கு நேரம் உண்டு. நீச்சல் குளத்தைச் சுற்றிப் பாட்டு உச்சத்தில் ஓடும். அலுவலகக் குழு ஒன்று நாற்பது பேராக வந்திருந்தால் லிஃப்டில் இடம் கிடைக்காது. வாரக் கடைசியில் போகும் இரண்டு இரவுப் பயணங்களில் இந்தக் கூச்சல் இன்னும் அதிகம்.

'யாரும் நம்மைக் கூப்பிடக்கூடாது' என்கிற சேலத்து மாப்பிள்ளையை அங்கே நிறுத்திப் பாருங்கள். அவர் கேட்பதும் நியாயம்தான். நிச்சயத்தில் தொடங்கி முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வம், பெரியப்பா வீட்டு விருந்து, சின்ன மாமா வீட்டு விருந்து என்று புது ஜோடி இரண்டு வாரம் பிறர் சொல்லும் நேரத்துக்கே எழுந்து உடுத்திச் சாப்பிடுகிறார்கள். அந்தக் களைப்போடு நேராகக் கப்பல் ஏறினால் இன்னொரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

ஆனாலும் அவர் கேட்கும் ஒரு வாரம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். நான்கு முறை மட்டுமே பார்த்த இரண்டு பேர், கடைத்தெரு இல்லாத ஒரு தீவில், ஏழு நாள். முதல் இரண்டு நாள் பேசத் தீராது. நாலாம் நாள் பேச்சு ஓய்ந்து இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வரும். அப்படி வருவது தவறில்லை, எல்லோருக்கும் வரும். அதை வீட்டில் நாலு பேர் நடமாட்டத்துக்கு நடுவே சந்திப்பது சுலபம். இத்தனை செலவு செய்து போன இடத்தில் சந்தித்தால், 'நமக்குள் ஏதோ சரியில்லையோ' என்று பயம் வந்துவிடும். இப்படிப் பயந்து, இரண்டு நாள் முன்னதாகத் திரும்ப டிக்கெட் கிடைக்குமா என்று ரகசியமாக எனக்கு மெசேஜ் அனுப்பிய பெண்கள் இருக்கிறார்கள். பிற்பாடு குழந்தையோடு வந்து அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்தவர்களும் அவர்களேதான்.

இனி மாதம். தேனிலவைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் முகூர்த்தம் எந்த மாதம் என்றுதான் முதலில் கேட்பேன். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. தையில் கல்யாணம் செய்கிறவர்களுக்கு மாலத்தீவு. டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை அங்கே வானம் வெளுத்து, கடல் கண்ணாடியாக இருக்கும். விலையும் அதற்கேற்ப உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் காலம், கப்பல் பேச்சே வேண்டாம். வைகாசி முடிவதற்குள் மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். மழையும் காற்றும் மாறிமாறி வரும், விலை இறங்கும். அதே காற்றுதான் மும்பைப் பக்கத்துக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. அதனால்தான் மேற்குக் கரையில் ஓடும் கப்பல் சில ஆண்டுகளாக ஜூன் வாக்கில் சென்னைக்கு இடம் மாறுகிறது. ஆகவே உங்கள் கல்யாண மாதம் கப்பலுக்குத் தோதானது, மாலத்தீவுக்கு அவ்வளவு தோதில்லை. ஒன்றரை லட்சத்தில் இருவருக்கும் விமானம், தீவுப் படகு, வரி எல்லாம் சேர்த்து மாலத்தீவு போவதென்றால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கப்பல் அதற்குள் தாராளமாக அடங்கி மிச்சமும் இருக்கும்.

அந்த மிச்சத்தை அவருக்குச் செலவிடுங்கள். முதலில் மூன்று இரவு ரிசார்ட், பிறகு கப்பல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். களைப்புத் தீர்ந்த பிறகு ஏறினால் கப்பலின் கூச்சல்கூடத் திருவிழா மாதிரி தோன்றும்.

ரிசார்ட் எங்கே? உங்களுக்குச் சென்னைக்குப் போகிற வழியே போதும். மரக்காணத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடற்கரையை ஒட்டி நல்ல இடங்கள் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறந்த பிறகு, திங்கள் முதல் வியாழன் வரை அங்கே ஆள் இருக்காது. விலை பேசலாம், நல்ல அறை கேட்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் சென்னைக் கார்கள் வரத் தொடங்குவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுங்கள். காலாப்பட்டிலேயே கடற்கரை ஓட்டல் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் நாள் மாலையே உங்கள் சித்தி மீன் குழம்புத் தூக்கோடு வந்து நிற்பார். அன்பால்தான் வருவார், ஆனால் மாப்பிள்ளை கேட்ட மூன்று நாள் போய்விடும்.

சேலத்தில் வளர்ந்தவருக்குக் கடல் புதிது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 'கடலைப் பார்க்க எனக்கு எதற்கு ரிசார்ட்' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவையில்லை, சரி. ஆனால் இன்றைக்கு அலை ஏன் இந்தப் பக்கமாகச் சாய்ந்து வருகிறது, எந்த இடத்தில் இறங்கினால் கால் இழுக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது அவருக்கு எந்த மாலத்தீவிலும் கிடைக்காது. முதலிலேயே சொல்லி வையுங்கள்: ஆனியில் நம் கரையில் அவர் மட்டும் தனியாக நீந்த இறங்கக் கூடாது.

கப்பலில் அறை எடுக்கும்போது, உள்ளறை மலிவு என்று சொல்வார்கள். எடுக்காதீர்கள். அதில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகல் பத்து மணியும் நள்ளிரவு மாதிரிதான். கடலைப் பார்க்க ஏறுகிற நீங்கள் சுவரைப் பார்த்துத் தூங்கி எழவா? ஜன்னல் உள்ள அறை, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளமும் முன்பக்கமும் அதிகம் ஆடும். மீனவர் வீட்டுப் பெண் எனக்கு என்ன வாந்தி வரப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். கடல் பழக்கம் அப்பா உடம்பில்தான் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, தலை சுற்றத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பயணச் சீட்டின் விலைக்குள் உணவகச் சாப்பாடும் நிகழ்ச்சிகளில் பலவும் அடங்கும். மதுபானம், வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றும் டூர், ஊழியர்களுக்கான சேவைத் தொகை இவை தனி. துறைமுகக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே மற்ற விலைகளோடு ஒப்பிடுங்கள்.

உள்நாட்டுப் பயணம் என்றால் அடையாள அட்டை போதும். இலங்கைக்குப் போகும் பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிவந்தது. உங்களுக்கு நான் சொல்வது, புதுச்சேரியைத் தொட்டுச் செல்லும் பயணம் இந்தப் பருவத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதுதான். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: சிறு படகில் ஆளை இறக்கும் ஊர் என்பதால், அன்றைக்குக் கடல் சரியில்லை என்றால் கரை இறக்காமலே போய்விடுவார்கள். உங்களுக்கு அதில் நஷ்டமில்லை. மணக்குள விநாயகரை நீங்கள் பஸ்ஸிலேயே போய்ப் பார்க்கலாம்.

கப்பல் தேதி உங்களுக்குத் தோதுப்படவில்லை என்றால் இரண்டாவது வழி ஒன்று. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். ஆட்டம் பாட்டம் கிடையாது, இருக்கையில் உட்கார்ந்து போகவேண்டியதுதான். ஆனால் கரை மறைவதையும் இன்னொரு கரை எழுவதையும் பார்க்கலாம். அங்கிருந்து சாலை வழியாக திருகோணமலை. வைகாசியில் இருந்து ஆவணி வரை இலங்கையின் கிழக்குக் கரைக்குத்தான் நல்ல பருவம். திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கடற்கரையில் அலை அடங்கி, தண்ணீர் தெளிந்து கிடக்கும். அவருக்குத் தீவும் அமைதியும், உங்களுக்குக் கப்பலும் திருக்கோணேஸ்வரமும். வானிலை சரியில்லாத நாட்களில் இந்தக் கப்பலை நிறுத்திவிடுவார்கள், ஆகவே முன்னும் பின்னும் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

எப்படிப் போனாலும் ஜூலை பத்துக்குள் வீடு திரும்பிவிடுகிற மாதிரித் தேதி பாருங்கள். உங்கள் அத்தை சொன்னதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆடி பிறந்தால் உங்களை அம்மா வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவார்கள், ஒரு மாதம் அவரைப் பிரிந்திருப்பீர்கள். அதற்கு முன் இருக்கும் சில வாரங்கள்தான் உங்கள் இருவருக்கும் சொந்தம். விருந்து அழைப்புகளில் பாதியை ஆவணிக்குத் தள்ளிப்போடச் சொல்லி மாப்பிள்ளையையே பேச வையுங்கள். அவர் பேசினால்தான் இரண்டு வீட்டிலும் எடுபடும்.

தாலி மஞ்சள் கயிற்றில் இருக்கும் காலம் அது. நீச்சல் குளத்து மருந்துத் தண்ணீரில் நனைந்தால் கயிறு வெளுக்கும், ஈரம் கழுத்தை அரிக்கும். பெட்டியில் இரண்டு கொம்பு மஞ்சளும் மாற்றுக் கயிறும் அம்மா வைத்துத் தருவார், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கல்யாண நகைகளைக் கொண்டுபோகாதீர்கள்.

கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு நாள் அப்பாவோடு உட்காருங்கள். கடலில் இருந்து வரும்போது காலாப்பட்டை எதை வைத்து அடையாளம் பிடிக்கிறார் என்று கேளுங்கள். பல்கலைக்கழகப் பக்கத்து மரக்கூட்டமா, ஆஸ்பத்திரிக் கட்டடமா, இரவென்றால் எந்த விளக்குக்கு எத்தனை விரல் தள்ளி என்று அவருக்குத் தெரியும். ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே போகிற கப்பல் உங்கள் ஊரின் நேர் கிழக்கே கடந்துதான் ஆகவேண்டும். எந்த நேரத்தில் கடக்கும், கரை தெரியும் தூரத்தில் போகுமா என்று ஊழியர்களிடம் கேளுங்கள், விசாரித்துச் சொல்வார்கள். அது மாலையாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். காலாப்பட்டில் பிறந்தவர்கள் சூரியன் கடலில் இருந்து எழுவதைத்தான் பார்த்திருப்பார்கள். அது உங்கள் தெருவுக்குப் பின்னால் இறங்குவதைக் கடலுக்குப் போகிறவர்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மேல்தளத்தின் மேற்குப் பக்கக் கம்பியருகே அரைமணி முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள். அவரையும் பக்கத்தில் நிறுத்தி, அப்பா வரைந்த தாளை அவர் கையில் கொடுங்கள்.